உபுண்டு அப்கிரேடுக்குப் பிறகு ஊமையான கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாறிய அன்று இரவு என் மேசைக் கணினி ஊமையாகிவிட்டது. அப்கிரேடு ஒரு பிழைச்செய்திகூடக் காட்டாமல் முடிந்திருந்தது. மறுபடி துவங்கியது, கடவுச்சொல் கேட்டது, பழைய வால்பேப்பர் வந்தது, கோப்புகளும் அப்படியே இருந்தன. ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். படம் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை.

பழுதைக் கண்டுபிடிக்க ஓர் இரவும் ஒரு காலையும் ஆயின. பழுது ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே அப்கிரேடு கொண்டுவந்தவை அல்ல. என் கையால் நானே செய்து மறந்துபோன பழைய மருத்துவம் ஒன்று. பல நாளாகத் தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு தேய்மானம் இன்னொன்று. அப்கிரேடு இவை இரண்டின் மேலும் கிடந்த போர்வையை மட்டும் எடுத்தது.

முதலில் கணினியைப் பற்றி. ஒலிக்கென்று தனி அட்டை கிடையாது. மதர்போர்டிலேயே இருக்கும் ரியல்டெக் சில்லுதான். பின்பக்கப் பச்சை ஜாக்கில் இரண்டு ஸ்பீக்கர்கள். கேபினட்டின் முன்பக்கம் ஒரு ஹெட்ஃபோன் ஜாக். தனி கிராஃபிக்ஸ் அட்டையிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக மானிட்டர்; அந்த மானிட்டருக்கு ஸ்பீக்கர் இல்லை.

இப்படி ஓர் அமைப்பில் சத்தம் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எச்டிஎம்ஐயைத்தான். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டு, எல்லாம் சரியாக நடப்பதாகக் கணினி நினைத்துக்கொண்டிருக்கும். அமைப்புகளில் போய் வெளியீட்டுச் சாதனத்தை மாற்றினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நானும் அதே நம்பிக்கையில்தான் ஒலி அமைப்புகளைத் திறந்தேன். அங்கே வெளியீட்டுச் சாதனம் என்ற இடம் காலியாக இருந்தது. எச்டிஎம்ஐ இல்லை, ஸ்பீக்கர் இல்லை, எதுவுமே இல்லை. திரையின் வலது மேல் மூலையில் எப்போதும் இருக்கும் ஒலியளவுப் பட்டையையும் காணோம்.

அந்த இடத்திலேயே நான் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். லினக்ஸில் ஒலி போனவர்கள் பெரும்பாலும் பார்ப்பது 'டம்மி அவுட்புட்' என்ற பெயரை. ஒலிச் சேவையகம், அதாவது செயலிகளின் ஒலியை வாங்கிச் சாதனத்துக்கு அனுப்பும் மென்பொருள், ஓடுகிறது, ஆனால் அதன் கைக்கு ஒரு சாதனமும் கிடைக்கவில்லை என்பது அதற்குப் பொருள். அப்படியானால் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்), அனுமதி என்று கீழே தேட வேண்டும். பட்டியலே காலி என்றால் கதை வேறு: சாதனம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லவே ஆள் இல்லை. அப்போது மேலே, சேவையகத்தில் தேட வேண்டும். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்கிரேடு முடிந்த பதற்றத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு கீழே தேடப் போனேன்.

வீண் அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றி மாட்டினேன். கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் இன்னும் மிச்சமிருந்த 5.15 கர்னலில் துவக்கிப் பார்த்தேன். அங்கும் அதே மௌனம். உண்மையில் இது பயனுள்ள தகவல்: நேற்றுவரை சத்தம் கொடுத்த அதே கர்னல் இன்று கொடுக்கவில்லை என்றால், புதிய 6.8 கர்னல்மேல் பழி போட முடியாது. ஆனால் அப்போது எனக்கு அது வெறும் ஏமாற்றமாகத்தான் தெரிந்தது.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளையும் மேய்ந்தேன். 'ஆல்சா-பேஸ்' என்ற மென்பொருள் பொதியை நீக்கி மறுபடி நிறுவு என்பது ஒன்று. அந்தப் பொதியில் டிரைவர் கிடையாது; டிரைவர் இருப்பது கர்னலில். சில அமைப்புக் கோப்புகளைத் திரும்ப அதே இடத்தில் வைப்பதால் ஒலி வந்துவிடாது. பயனரை 'ஆடியோ' குழுவில் சேர் என்பது இன்னொன்று. இன்றைய கணினிகளில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிச் சாதனங்களின் அனுமதியை, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின் பகுதியே கொடுத்துவிடுகிறது. குழுவில் சேர்த்தால் லாபம் இல்லை. ஒரே கணினியை இருவர் மாறிமாறிப் பயன்படுத்தும் வீட்டில் ஒருவர் சாதனத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவருக்கு விடாமல் போகும் தொல்லைதான் வரும். இரண்டையும் நான் செய்யவில்லை.

செய்ய இருந்தது மூன்றாவது ஒன்று. உலாவியில் வீடியோ ஓட்டும்போதெல்லாம் மேலே ஒரு பட்டை வந்தது: ஒலி கேட்க வேண்டுமானால் பல்ஸ்ஆடியோ மென்பொருளை நிறுவ வேண்டியிருக்கலாம் என்று. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. டெர்மினலில் பல்ஸ்ஆடியோவை நிறுவக் கட்டளை கொடுத்தேன். நல்லவேளையாக, பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் உடனே செய்துவிடாமல் ஒரு பட்டியலைக் காட்டி ஒப்புதல் கேட்டது. 'இவை நீக்கப்படும்' என்ற தலைப்பின் கீழ் பைப்வயர் என்ற பெயரோடு பொதிகள் வந்தன. ஒன்றை வைப்பதற்கு இன்னொன்றைப் பிடுங்கப் பார்க்கிறது என்றால் நாம் எதையோ புரிந்துகொள்ளாமல் செய்கிறோம் என்று அர்த்தம். வேண்டாம் என்பதற்கான 'என்' (N) விசையைத் தட்டி வெளியே வந்தேன்.

அந்த 'என்'தான் அன்றிரவு நான் செய்த முதல் உருப்படியான காரியம்.

யார் மேல் யார்

இங்கே கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. அது இல்லாமல் பின்னால் வருவது புரியாது.

லினக்ஸில் ஒலி என்பது ஒரே மென்பொருள் அல்ல, மாடி மேல் மாடி. அடித்தளம் ஆல்சா. 1998-இல் யாரோஸ்லாவ் கைசெலா தொடங்கியது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில், அதுவரை இருந்த ஓஎஸ்எஸ் என்ற ஒலி அமைப்பின் இடத்தைப் பிடித்தது. சில்லோடு நேரடியாகப் பேசுவது இதுதான். ஆனால் ஒரே நேரத்தில் பாட்டும் ஓடி, அழைப்பு மணியும் அடிக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கலந்து கொடுக்க மேலே ஒருவர் வேண்டும். அந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தது லெனார்ட் பொயட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ. உபுண்டுவில் அது 8.04-இல், அதாவது 2008-இல் வந்தது. வந்த புதிதில் அதைத் திட்டாதவர் குறைவு, பிறகு பழகிப்போனது.

அடுத்து விம் டைமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். இன்னொரு லினக்ஸ் வகையான ஃபெடோரா 2021-இல், தன் 34-ஆம் பதிப்பில், ஒலிக்கு அதை ஏற்றுக்கொண்டது. உபுண்டு 2022 அக்டோபரில் வந்த 22.10-இல் மாறியது. என்னைப் போல இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புகளில் மட்டும் தாவுகிறவர்களுக்கு அந்த மாற்றம் 24.04-இல்தான் வந்து சேர்கிறது. ஆக என் அப்கிரேடு ஒரு பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனது மட்டுமல்ல. நடுமாடியில் குடியிருந்தவரே மாறிவிட்டார்.

புதியவர் தனியாக வரவில்லை, மூவராக வந்தார். ஒலியைக் கடத்துவது பைப்வயர். எந்தச் சாதனம், எந்த வாசல் என்று முடிவெடுப்பது வயர்ப்ளம்பர். மூன்றாமவர் பைப்வயர்-பல்ஸ்: பல்ஸ்ஆடியோவின் மொழியை மட்டுமே அறிந்த பழைய செயலிகளுக்கு மொழிபெயர்ப்பாளர். உலாவி, உபுண்டுவின் திரைச்சூழலான க்னோமின் ஒலி அமைப்புப் பக்கம், வீடியோ இயக்கிகளில் பெரும்பாலானவை எல்லாம் இன்றும் இந்த மொழிபெயர்ப்பாளரிடம்தான் பேசுகின்றன. அவை பேசுவது பல்ஸ்ஆடியோவிடம் என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன. உலாவி என்னிடம் பல்ஸ்ஆடியோவை நிறுவச் சொன்னதும் அதனால்தான். அதற்குத் தெரிந்த ஒரே பெயர் அது.

அடித்தளத்திலிருந்து மேலே

இரவு பதினொன்றைத் தாண்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டதால் ஹெட்ஃபோனை எடுத்து முன்பக்க ஜாக்கில் செருகிக்கொண்டேன். இந்தச் சின்ன விஷயத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

முதலில் கர்னல். மதர்போர்டில் இணைந்த பிசிஐ சாதனங்களின் பட்டியலைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையோடு ஹைஃபன் கே சேர்த்துக் கொடுத்தால், ஒவ்வொரு சாதனத்தையும் எந்த டிரைவர் ஏற்றிருக்கிறது என்று சொல்லும். ஆடியோ சாதனத்தின் கீழ் எஸ்என்டி-எச்டிஏ-இன்டெல் இருந்தது. சரி. அடுத்து ஏபிளே ஹைஃபன் எல்: ஆல்சாவுக்குத் தெரிந்த அட்டைகளின் பட்டியல். 0-ஆம் அட்டை மதர்போர்டின் அனலாக் ஒலி, 1-ஆம் அட்டை கிராஃபிக்ஸின் எச்டிஎம்ஐ. சரி.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. ஸ்பீக்கர்-டெஸ்ட் என்று ஒரு சிறு கருவி ஆல்சாவோடு வருகிறது. அதை மேல்மாடிகள் எதையும் தொடாமல் நேராக 0-ஆம் அட்டைக்கே அனுப்பச் சொன்னேன். ஹெட்ஃபோனின் இடது காதில் ஒரு குரல் 'ஃப்ரண்ட் லெஃப்ட்' என்றது. வலது காதில் 'ஃப்ரண்ட் ரைட்'. இரண்டு மணி நேர மௌனத்துக்குப் பிறகு கேட்ட முதல் சத்தம்.

அப்படியானால் சில்லு, டிரைவர், கர்னல் மூன்றும் குற்றமற்றவை. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் கிரப், பழைய கர்னல் என்று அலைந்திருக்க வேண்டாம்.

ஒரு மாடி மேலே ஏறினேன். பைப்வயர் தன் சொந்த மொழியில் ஒலி இயக்கும் பிடபிள்யூ-பிளே என்ற கட்டளையில் அதே ஒலிக்கோப்பைக் கொடுத்தேன். கேட்டது! டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் என்று கேட்டால் அனலாக், எச்டிஎம்ஐ இரண்டு சாதனங்களையும் ஒழுங்காகப் பட்டியலிட்டது. பைப்வயரும் உயிரோடிருக்கிறது, வயர்ப்ளம்பரும் உயிரோடிருக்கிறது. ஆனால் அமைப்புகள் பக்கம் இன்னும் காலி.

இன்னும் ஒரு மாடி. பல்ஸ் மொழியில் விவரம் கேட்கும் கட்டளை பிஏசிடிஎல் இன்ஃபோ. அடித்தேன். ஒரே வரி: இணைப்பு மறுக்கப்பட்டது.

பிடிபட்டது. கீழ்மாடிகள் எல்லாம் விழித்திருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் மட்டும் ஆளைக் காணோம். பைப்வயரோடு நேரே பேசும் செயலிக்குச் சத்தம் வருகிறது, பல்ஸ் மொழியில் பேசும் செயலிக்கு வரவில்லை. உலாவி ஊமையாக இருந்ததும், க்னோம் பட்டியல் காலியாக இருந்ததும் ஒரே காரணத்தால்.

பொதி நிறுவப்படவில்லையோ என்று பார்த்தேன். நிறுவப்பட்டிருந்தது, பதிப்பு எண்ணும் சரியாக இருந்தது. அப்புறம் ஏன் ஓடவில்லை? காரணத்தைத் தேடுமுன் ஒன்று செய்தேன். இந்தக் கட்டுரையிலிருந்து யாராவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்: புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்தேன். பெயர் 'சோதனை'. என் கணக்கிலிருந்து முழுமையாக வெளியேறிவிட்டு அதில் நுழைந்தேன். ஒலியளவுப் பட்டை அதன் இடத்தில் இருந்தது. உலாவியில் வீடியோ ஓட்டினேன். ஹெட்ஃபோனில் சத்தம் கணீரென்று வந்தது.

இரண்டு நிமிட வேலை. ஆனால் அது வெட்டிப்போட்ட சந்தேகங்களை எண்ணிப் பாருங்கள். கணினி முழுவதற்கும் பொதுவான எதுவும் பழுதில்லை: பொதிகள், கணினிக்குப் பொதுவான அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி அடைவு, டிரைவர், கர்னல் எதுவும் இல்லை. பழுது என் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுக்குள் இருக்கிறது. அப்கிரேடு எல்லாவற்றையும் புரட்டிப்போட்டாலும் ஹோம் அடைவுக்குள் மட்டும் கைவைப்பதில்லை. நம் கோப்புகள் பத்திரமாக இருப்பது அதனால்தான். நாம் அங்கே செய்துவைத்த கோளாறுகள் பத்திரமாக இருப்பதும் அதனால்தான்.

2022-இன் கை

என் கணக்குக்குத் திரும்பி வந்தேன். பயனர் அளவிலான சேவைகளின் நிலையைக் கேட்க சிஸ்டம்சிடிஎல் கட்டளையோடு 'யூசர்' என்ற தெரிவு சேர்க்க வேண்டும். பைப்வயர்-பல்ஸின் நிலையைக் கேட்டேன். 'லோடட்' என்ற சொல்லுக்கு எதிரே வழக்கமான கோப்புப் பாதை இல்லை. 'மாஸ்க்டு' என்று இருந்தது.

சிஸ்டம்டியில் ஒரு சேவையை நிறுத்துவது வேறு, முடக்குவது வேறு, மாஸ்க் செய்வது வேறு. நிறுத்தினால் அடுத்த முறை துவங்கும்போது வந்துவிடும். முடக்கினால் தானாக வராது, ஆனால் வேறொரு சேவை கூப்பிட்டால் வரும். மாஸ்க் செய்தால் யார் கூப்பிட்டாலும் வராது. அந்தப் பெயரில் ஒரு இணைப்புக் கோப்பை உண்டாக்கி, அதை டெவ்-நல் என்ற வெறுமையை நோக்கித் திருப்பிவிடுகிறது. சேவையைத் தேடிப் போகிற சிஸ்டம்டி அந்த வெறுமையில் முட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

ஹோமுக்குள் டாட்-கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் யூசர். அந்த அடைவை விரிவாகப் பட்டியலிட்டேன். இரண்டு வரிகள். பைப்வயர்-பல்ஸ் டாட் சர்வீஸ், அம்புக்குறி, டெவ்-நல். பைப்வயர்-பல்ஸ் டாட் சாக்கெட், அம்புக்குறி, டெவ்-நல். இரண்டின் பக்கத்திலும் தேதி: 2022 செப்டம்பர்.

தேதியைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டு 22.04-இல் பைப்வயர் நன்றாக இருக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, பல்ஸ்ஆடியோவை ஒதுக்கிவிட்டு அதை வைத்துப் பார்த்தேன். என் கணினியில் ஒலி கரகரத்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பல்ஸ்ஆடியோவுக்கே திரும்பினேன். திரும்பும்போது இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளக் கூடாதே என்று பைப்வயர்-பல்ஸை மாஸ்க் செய்தேன். அன்றைக்கு அது சரியான வைத்தியம். வேலையும் செய்தது. வேலை செய்ததால்தான் மறந்தும் போனது.

இரண்டாண்டு கழித்து அப்கிரேடு பல்ஸ்ஆடியோவை முறைப்படி வெளியே அனுப்பிவிட்டு, பைப்வயர்-பல்ஸை அந்த இடத்தில் உட்கார வைத்தது. அதற்குத் தெரிந்தவரை எல்லாம் சரி. என் ஹோம் அடைவுக்குள் நான் பூட்டிய பூட்டு அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் திறக்க அதற்கு உரிமையில்லை.

தீர்வு ஒரு வரி. அதே கட்டளையில் 'அன்மாஸ்க்' என்று சொல்லி இரண்டு பெயர்களையும் கொடுத்தேன். பிறகு சாக்கெட்டைத் துவக்கினேன். வலது மேல் மூலையில் ஒலியளவுப் பட்டை அப்போதே முளைத்தது. பிஏசிடிஎல் இன்ஃபோ இப்போது சேவையகத்தின் பெயரைச் சொன்னது: 'பல்ஸ்ஆடியோ', அதை ஒட்டி அடைப்புக்குறிக்குள் 'ஆன் பைப்வயர் 1.0.5'. அந்தப் பெயரே ஒரு வேடம் என்பதைப் பிஏசிடிஎல் மறைக்கவில்லை.

கையோடு ஹோம் அடைவில் வேறென்ன பழைய வைத்தியங்கள் கிடக்கின்றன என்றும் துழாவினேன். டாட்-அசவுண்ட்ஆர்சி என்ற கோப்பு ஒன்று இருந்தால் அது ஆல்சாவின் இயல்பு வழியையே திருப்பிவிடும், எனக்கு இல்லை. டாட்-கான்ஃபிக்கில் பல்ஸ் என்ற அடைவு இருந்தது, அதில் பல்ஸ்ஆடியோ காலத்து நினைவுகள். இனி யாரும் படிக்காத டைரி. வெளியே, இடிசியில் மாட்ப்ரோப் அடைவிலும் எட்டிப் பார்த்தேன். ஒலி டிரைவருக்குப் பழைய காலத்து மாடல் பெயர் ஒன்றைத் திணிக்கும் வரியைப் பலர் அங்கே எழுதி வைத்திருப்பார்கள். கர்னல் மாறும்போது அது பிசகும். எனக்கு அதுவும் இல்லை.

ஹெட்ஃபோனில் ஒரு பாட்டு கேட்டுவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

காலையில் மறுபடியும்

காலையில் கணினியைப் போட்டேன். ஒலியளவுப் பட்டை இருந்தது. பாட்டை ஓட்டினால் அமைப்புகள் பக்கத்தில் அளவுக்கோடு துள்ளியது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

இரவு நான் செய்த அத்தனை சோதனைகளும் ஹெட்ஃபோனில் செய்தவை. ஸ்பீக்கரில் ஒரு சோதனைகூடச் செய்யவில்லை. பழுது சரியானதா என்று பார்க்கிறவன், எதில் சத்தம் வரவில்லை என்று புகார் வந்ததோ அதில்தானே பார்க்க வேண்டும்?

இந்த முறை பதறவில்லை. சேவையகம் ஓடுகிறது, ஒலியும் ஏதோ ஒரு பக்கம் போகிறது. எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி. ஆல்சாவின் ஒலியளவுக் கருவியான ஆல்சாமிக்ஸரைத் திறந்து எஃப்6 அழுத்தி 0-ஆம் அட்டையைத் தேர்ந்தேன். பைப்வயர் தன் ஒரே பட்டையை மட்டும்தான் முதலில் காட்டும். சில்லின் உண்மையான பட்டைகளைப் பார்க்க எஃப்6 அவசியம். 'ஹெட்ஃபோன்' பட்டை உயர்ந்து நின்றது. 'ஃப்ரண்ட்' பட்டை பூஜ்யத்தில் கிடந்தது. அடியில் இரண்டு எம் எழுத்துகள். மியூட். பின்பக்கப் பச்சை ஜாக்கைக் கட்டுப்படுத்துவது அந்த 'ஃப்ரண்ட்'தான். பெயரைப் பார்த்து முன்பக்க ஜாக் என்று நினைத்துவிடக் கூடாது. அது முன்பக்க ஸ்பீக்கர்களைக் குறிக்கிறது.

எம் விசையைத் தட்டி, மேல் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தேன். ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. மறுதொடக்கம் செய்தேன். போய்விட்டது. மறுபடி பூஜ்யம், மறுபடி இரண்டு எம்.

கீழ்மாடியில் நான் திறந்த குழாயை மேல்மாடியில் யாரோ மூடுகிறார்கள். இப்படி நடக்கும்போது ஆல்சாவின் நிலையைச் சேமித்துவைக்கும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதைப் பலர் செய்கிறார்கள். துவக்கத்தில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டு வலுக்கட்டாயமாகத் திறக்கிறவர்களும் உண்டு. அந்த ஸ்கிரிப்ட்தான் அடுத்த அப்கிரேடில் இன்னொரு 2022 செப்டம்பராக வந்து நிற்கும். மூடுகிறவர் யார், ஏன் மூடுகிறார் என்று பார்ப்பதே மேல்.

பிஏசிடிஎல்லில் வெளியீட்டுச் சாதனங்களின் முழு விவரத்தைக் கேட்டேன். அனலாக் சாதனத்தின் கீழ் இரண்டு வாசல்கள். 'லைன் அவுட்', முன்னுரிமை 9000. 'ஹெட்ஃபோன்ஸ்', முன்னுரிமை 9900, பக்கத்தில் 'அவைலபிள்', அதாவது செருகியிருக்கிறது. நடப்பு வாசல்: ஹெட்ஃபோன்ஸ்.

குனிந்து பார்த்தேன். முன்பக்க ஜாக் காலி. ஹெட்ஃபோன் மேசைமேல் சுருண்டு கிடந்தது.

இரண்டாவது பழுது அங்கே தெரிந்துவிட்டது. ஹெட்ஃபோன் ஜாக்குக்குள் ஒலியைக் கடத்தும் தகடுகள் தவிர ஒரு குட்டி சுவிட்சும் உண்டு. முள் உள்ளே போனால் அது மூடும், வெளியே வந்தால் திறக்கும். செருகியாயிற்றா இல்லையா என்று சில்லு தெரிந்துகொள்வது அதை வைத்துத்தான். பல ஆண்டுகள் செருகி எடுத்ததில் என் ஜாக்கின் தகடு வளைந்து, சுவிட்ச் மூடியபடியே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஜாக் காலியாக இருந்தாலும் கணினிக்கு அது எப்போதும் ஹெட்ஃபோன் செருகிய ஜாக். ஹெட்ஃபோனுக்கு முன்னுரிமை அதிகம் என்பதால் வயர்ப்ளம்பர் அந்த வாசலைத் தேர்கிறது. தேர்ந்ததும் பைப்வயர் 'ஃப்ரண்ட்' பட்டையை மூடுகிறது. அவரவர் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள்.

இதை உறுதிப்படுத்த நேரான வழி ஒன்று உண்டு. ஏமிக்ஸர் கட்டளையில் 0-ஆம் அட்டையின் எல்லா உள்ளடக்கத்தையும் கேட்டால், நடுவில் 'ஃப்ரண்ட் ஹெட்ஃபோன் ஜாக்' என்று ஒரு பதிவு வரும். அதன் மதிப்பு 'ஆன்' அல்லது 'ஆஃப்'. சில்லின் கண்ணுக்குத் தெரிவது இதுதான். காலி ஜாக்கை வைத்துக்கொண்டு கேட்டேன். 'ஆன்'. ஹெட்ஃபோனைச் செருகிக் கேட்டேன். 'ஆன்'. கழற்றிக் கேட்டேன். 'ஆன்'.

அப்படியானால் நேற்றுவரை ஸ்பீக்கர் எப்படிப் பாடியது? இதற்கும் என்னிடமே பதில் இருந்தது. எப்போதோ ஒருநாள் ஸ்பீக்கர் வேலை செய்யாமல் போக, அமைப்புகளில் போய் 'லைன் அவுட்' என்று கையால் தேர்ந்திருக்கிறேன். பல்ஸ்ஆடியோ அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொண்டது. ஹெட்ஃபோன் வேண்டும்போது கையால் மாற்றுவேன், முடிந்ததும் கையால் திருப்புவேன். ஏன் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை, பழக்கமாகிவிட்டது. லைன் அவுட்டைத் தானாக மூடும் 'ஆட்டோ-மியூட் மோட்' என்ற தெரிவும் ஆல்சாமிக்ஸரில் 'டிஸ்ஏபிள்டு' என்றே இருந்தது. அதையும் நான்தான் செய்திருக்க வேண்டும். அது வார் அடைவில் ஆல்சாவின் நிலைக்கோப்பில் பத்திரமாகத் தங்கி, அப்கிரேடைத் தாண்டியும் வந்துவிட்டது. வாசல் தேர்வு மட்டும் வரவில்லை. அது பல்ஸ்ஆடியோவின் டைரியில் இருந்தது. வயர்ப்ளம்பர் அந்த டைரியைப் படிப்பதில்லை. ஹோமில் டாட்-லோக்கல், ஸ்டேட், வயர்ப்ளம்பர் என்ற இடத்தில் தனக்கென்று புது டைரி தொடங்குகிறது. புது டைரியில் என் பெயரில் ஒரு வரிகூட இல்லை. ஆகவே கண்ணால் கண்டதை நம்பியது. கண்டது ஹெட்ஃபோன்.

'சோதனை' கணக்கு இரவில் என்னை ஏமாற்றியதும் இதே காரணத்தால்தான். அங்கேயும் ஹெட்ஃபோன் வாசல்தான் தேர்வாகியிருந்தது. நான் கேட்டதும் ஹெட்ஃபோனில். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு எனக்கு நல்ல செய்தி சொல்லின.

அமைப்புகளில் 'லைன் அவுட்' என்று ஒருமுறை தேர்ந்தாலே வயர்ப்ளம்பர் அதை எழுதிவைத்துக்கொள்ளும், ஸ்பீக்கர் பாடும். தேர்ந்து, மறுதொடக்கம் செய்து பார்த்தேன், பாடியது. பெரும்பாலோர்க்கு இது போதும். எனக்கு மனம் ஒப்பவில்லை. இதே போல டைரியை நம்பித்தான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன். எச்டிஏ-ஜாக்-ரீடாஸ்க் என்ற கருவி கொண்டு அந்த ஜாக்கே இல்லை என்று டிரைவரிடம் பொய் சொல்லலாம். அதுவும் எங்கோ ஒரு கோப்பாக உட்கார்ந்துகொண்டு, பின்னொரு நாள் மதர்போர்டை மாற்றும்போது கழுத்தைப் பிடிக்கும்.

மின்சாரத்தை அணைத்து, கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். முன்பக்க ஜாக்கிலிருந்து வரும் கம்பிகள் ஒரு சிறு கறுப்புச் செருகியில் சேர்ந்து மதர்போர்டின் கீழ் ஓரத்தில் பொருந்தியிருக்கும்: ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, அதில் ஒரு முள் மட்டும் இராது, தவறாகச் செருகிவிடாமல் இருக்க. அதை மெதுவாக ஆட்டி இழுத்தேன், வந்துவிட்டது. தகட்டை மூடாமலே கணினியைப் போட்டு, ஏமிக்ஸரை மறுபடி கேட்டேன். 'ஃப்ரண்ட் ஹெட்ஃபோன் ஜாக்': 'ஆஃப்'.

வயர்ப்ளம்பரின் டைரியை அழித்துவிட்டு, எதையும் கையால் தேராமல் மறுதொடக்கம் செய்தேன். லைன் அவுட் தானாகத் தேர்வானது. 'ஃப்ரண்ட்' பட்டையில் இரண்டு எம் இல்லை. 'சோதனை' கணக்கில் நுழைந்து, இந்த முறை ஸ்பீக்கரிலேயே கேட்டேன், அங்கும் பாடியது. அந்தக் கணக்கை நீக்கிவிட்டேன். ஹெட்ஃபோனை இப்போது ஸ்பீக்கரின் முகப்பில் இருக்கும் ஜாக்கில் மாட்டிக்கொள்கிறேன்.

கழற்றிய செருகி கேபினட்டுக்குள் சுருட்டிக் கட்டியிருக்கிறது. அதில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, தேதியைப் போட்டு எழுதிவைத்தேன்: முன் ஜாக் பழுது, வேண்டுமென்றே கழற்றியது.